பழைய காரில் இக்னிஷன் மாட்யூல் போனால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பாகம், மாட்யூல் அதற்குள் இருக்கும் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் துண்டு. ஆனால் மாட்யூல்தான் போயிருக்கிறது என்று யார் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள்.

கார் சூடானதும் நின்றுவிடுகிறது, அரைமணி கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது, பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டர் செட்டுக்கு 1,100 வெள்ளி கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கார் என்று எழுதவில்லை. 90களின் ஹோண்டாவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 1994 சிவிக். நம் மலேசியாவில் எஸ்ஆர்4 என்போமே, அதுதான். உங்கள் கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எனக்கு நடந்தது. அதனால்தான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2017இல் என் மகளுக்குக் கோத்தா கினபாலுவில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகிற முதல் ஆள் அவள். விமானம் மதியம் 3.40க்கு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டோம். பிறை டோலில் நெரிசல், நல்ல வெயில், ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கிறது. பினாங்குப் பாலத்தில் ஏறி, நடுவில் உயரமாகப் போகும் இடத்துக்கு வந்தபோது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் படக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. கார் இன்னும் கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது, முள் மட்டும் கீழே கிடக்கிறது. ஒரு நொடியில் மேலே எழுந்தது, சைலன்சரில் ஒரு வெடி, மறுபடி விழுந்தது. அவ்வளவுதான். இடது ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் சர்ரென்று போகின்றன, கீழே கடல், பின்சீட்டில் இரண்டு பெட்டிகளோடு பிள்ளை.

பாலத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், லாரி போகும்போது காலுக்குக் கீழே தரை ஆடும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒரு மலாய்க்காரத் தம்பதி வண்டியை ஓரங்கட்டி, "பாக்சிக் (மாமா), ஏர்போர்ட்டா?" என்று கேட்டார்கள். பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காரில் அவளை ஏற்றிவிட்டேன். முகம் தெரியாத மனிதர்களோடு வயதுப் பிள்ளையை எப்படி அனுப்பினாய் என்று என் அக்கா இன்றைக்கும் கேட்பார். அந்தப் பெண்மணி இறங்கி வந்து என் மகளின் கையைப் பிடித்த விதத்தைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார். விமானம் கிடைத்துவிட்டது. ஆனால் நான் வழியனுப்பப் போகவில்லை. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், அதுதான் நான் பார்த்தது.

இருபது நிமிடத்தில் ரோந்து வண்டி வந்து தீவுப் பக்கம் இழுத்துவிட்டது. அங்கே இறக்கிவிட்டதும் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

என் கோபம் இங்கேதான். அதற்கு முந்திய நான்கு மாதங்களில் இதே கோளாறுக்காக ஒரே பட்டறையில் 640 வெள்ளி கொடுத்திருந்தேன். பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பெட்ரோல் ஃபில்ட்டர், கடைசியில் பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு முறையும் கார் ஆறிய பிறகு கொண்டுபோவேன், ஒழுங்காக ஓடும், எதையாவது மாற்றிக் கொடுப்பார்கள். கார் செத்துக் கிடக்கும் நேரத்தில் ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. பாலத்தில் நின்றதைச் சொன்னதும் "முழு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்று, இல்லையென்றால் கம்ப்யூட்டர்" என்றார் பட்டறை முதலாளி தவ்கே. சூடானால்தானே நிற்கிறது, உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் எதுவோ போகிறதா என்று கேட்டேன். "நீ ஃபேக்டரி ஆள், காரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்" என்றார்.

ஃபேக்டரி ஆள்தான். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அப்போதே 22 வருடம் டெக்னீஷியன். செய்த போர்டுகளை மைனஸ் 40 டிகிரிக்கும் 125 டிகிரிக்கும் மாற்றி மாற்றிப் போட்டு எது உடைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும், மறுபடி ஆறினால் ஓடும் என்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது பாகங்களைப் போர்டோடு ஒட்டும் சால்டரில் மயிரிழை விரிசல், இல்லையென்றால் டிரான்சிஸ்டர். இக்னிஷன் மாட்யூலும் அதே சரக்குதான். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற ஒரு பவர் டிரான்சிஸ்டர், அதைச் சுற்றிக் கொஞ்சம் சர்க்யூட். வெட்டும் அந்தக் கணத்தில்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறி வருகிறது. நான்கு சிலிண்டர் கார் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 100 தடவை வெட்டுகிறது. அதையும் எஞ்சின் தலையோடு ஒட்டிய டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காற்று புகாத இடத்தில் உட்கார்ந்து செய்கிறது. இருபது, முப்பது வருடம் தாங்கியதே பெரிது.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியிலும் இதே கதைதான். ஒரு லைனில் ஏன் போர்டு ஃபெயிலாகிறது என்று நான் எழுதிக் கொடுத்த தாள் மூன்று வாரம் மேசையில் கிடந்தது. பிறகு புதிதாக வந்த எஞ்சினியர் அதையே ஸ்லைடில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டம் இல்லாதவன் சொன்னால் அது பேச்சு, பட்டம் உள்ளவன் சொன்னால் கண்டுபிடிப்பு. அந்தப் பையன் நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் தடவை கையில் பிடித்துப் பார்த்தவனை ஒருமுறைகூடக் கேட்பதில்லையே, அந்த வலி எனக்குப் போகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே சோதித்தேன். வீட்டிலிருந்து கரண்ட் வயரை இழுத்து, மனைவியின் ஹேர் டிரையரை டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி உடம்பில் காட்டிக்கொண்டு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டேன். பதினோராவது நிமிடம் முள் துடித்தது, விழுந்தது, எஞ்சின் நின்றது. உடனே சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினேன். பின்சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்றது. இந்தச் சத்தத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்தக் கால ஹோண்டாக்களில் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயும் வெயிலில் நின்றால் சால்டர் விட்டு இதேபோல் மக்கர் பண்ணும். ரிலே போனால் பம்ப் சத்தம் வராது. சத்தம் வந்து பொறி வராவிட்டால் பற்றவைக்கும் பக்கத்தில்தான் கோளாறு.

பொறியைப் பார்க்க ஒரு பழைய பிளக்கை வயரில் செருகி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். கையால் பிடிக்காதீர்கள், எர்த் இல்லாமல் வயரைத் தொங்கவிட்டும் சுற்றாதீர்கள். பொறி இல்லை. மூடியைத் திறந்து, மாட்யூலுக்கு வரும் கறுப்பு-மஞ்சள் வயரில் டெஸ்ட் லைட் வைத்தேன், 12 வோல்ட் வருகிறது. காயிலும் உள்ளேயே இருக்கிறது, அதுவும் சூட்டில் போகக்கூடியதுதான் என்பதால் சூடாக இருக்கும்போதே மீட்டரால் அளந்தேன். காயிலின் பிரைமரி சுருள் ஒரு ஓமுக்குக் கொஞ்சம் குறைவு, சரியாகவே இருந்தது. பிறகு மூடியை மாட்டிவிட்டு, முனைக் கடையில் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் வெறும் ஐஸ்கட்டி வாங்கி வந்து, இறுக்கிக் கட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மேல் வைத்தேன். ஆறு நிமிடம். பொறி நீல நிறத்தில் டக் டக்கென்று வந்தது.

இன்னொன்று: அந்த ஆர்பிஎம் முள்ளுக்குச் சமிக்ஞை இந்த மாட்யூலிலிருந்துதான் போகிறது. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்ததே, அதைச் சொன்ன அன்றே பட்டறையில் கண்டுபிடித்திருக்கலாம்.

மாட்யூல் மட்டும், புதிது, பெட்டியோடு, 260 வெள்ளிக்கு வாங்கினேன். ஹாஃப்கட் கடையில் (பழைய கார் உதிரிபாகக் கடை) பழைய டிஸ்ட்ரிபியூட்டர் முழுசாகவே 250க்குக் கிடைத்தது. வேண்டாம் என்றேன். அதற்குள் இருக்கும் மாட்யூலும் என்னுடையதைப்போலவே அத்தனை வருடம் வெந்ததுதானே.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடியில் எட்டாம் நம்பர் போல்ட் மூன்று. பிளக் வயர்களைக் கழற்றாமல் மூடியோடு சேர்த்து ஓரமாகத் தள்ளுங்கள், வரிசை மாறாது. ரோட்டரின் ஸ்குரூ முரண்டு பிடிக்கும், சரியான அளவு முனையை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள், தலை நசுங்கினால் அன்றைய நாள் போச்சு. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் தகடு. வயர்களைப் பிடுங்குவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்குரூ, மாட்யூல் கையில் வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் தொடாதவரை டைமிங் (பொறி வரும் நேரம்) மாறாது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு கோடு கிழித்து வையுங்கள், பிறகு டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பேஸ்ட். கம்ப்யூட்டர் கடையில் விற்கிற வெள்ளை நிற ஹீட் பேஸ்ட், மாட்யூலின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது. என் பழைய மாட்யூலின் முதுகில் அது காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. உலோகத்தைச் சுத்தமாகத் துடைத்து, புதியதை உலோகத்தின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் அதுவே சூட்டை அடைத்துக்கொள்ளும். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இதற்கு உதவாது. இதைத் தடவாமல் மாட்டினால் புது மாட்யூலும் சீக்கிரமே வெந்துபோகும். ஃபேக்டரியில் இந்த ஒரு காரணத்துக்காகப் பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, எல்லாப் பட்டறையும் ஏமாற்றுகிறதா என்று யாராவது சண்டைக்கு வரலாம். அப்படிச் சொல்லவில்லை. மூடிக்குள் செம்பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தால் பேரிங் தேய்கிறது, எண்ணெய் கசிந்திருந்தால் உள்சீல் போய்விட்டது. அப்படியிருந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கச் சொல்வது நியாயம், நானே வாங்கச் சொல்வேன். உங்கள் பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். பழைய காரைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், விற்றுத் தொலை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று: மாதம் 700 வெள்ளி தவணை கட்டுவதற்குப் பதிலாக அந்தப் பணம் ஐந்து வருடம் கோத்தா கினபாலுவுக்குப் போனது.

மாற்றியது 2017இல். இன்றுவரை அந்த முள் விழவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவளை விமான நிலையத்திலிருந்து இதே காரில், இதே பாலத்தில் அழைத்து வந்தேன். அந்த உயரமான இடம் வரும்போது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்ப்போம்.

அடுத்த தடவை நிற்கும்போது ஆறவிடாமல் உடனே சாவியைத் திருப்பிப் பாருங்கள். பம்ப் சத்தம் வந்ததா, முள் எப்படி விழுந்தது, மூடிக்குள் பொடி இருக்கிறதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். என்ன கார், எந்த வருடம் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை, பார்த்துப் பதில் போடுகிறேன்.