ஓவனில் மொறுமொறு பேக்கன்: இரவுச் சாப்பாட்டுக் கேள்விகளும் பதில்களும்

மாரி மழை பிடித்துவிட்டால் இரவில் சோறு கறி வைக்கப் பலருக்கும் மனம் வராது. ரோஸ்ட் பாண், முட்டை, பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு) என்று காலைச் சாப்பாட்டை இரவில் சாப்பிடுவது அந்தக் குளிருக்கு நல்ல இதம். ஹோட்டல் குசினியில் கனகாலம் நின்றவன் என்பதால் இது பற்றிய கேள்விகள் என்னிடம் வந்தன.

கிளிநொச்சி அக்கா: தம்பி, தாச்சியில் பொரித்தால் நடு கருகுது, ஓரத்துக் கொழுப்பு வழுவழு என்று அப்படியே கிடக்குது. ஓவனில் சரிவருமா?

சரிவரும் அக்கா. தாச்சியில் சூடு அடியிலிருந்து மட்டும்தான் வருகிறது. பேக்கன் சுருண்டு எழும்பும்போது அடியில் படுகிற இடம் கருகும், எழும்பிய இடம் வேகாது. ஓவனில் சூடு நாலு பக்கமும் இருப்பதால் துண்டு தட்டையாகவே கிடந்து ஒரே சீராக வேகும்.

தட்டில் அலுமினியத் தாளை விரித்து, கொழுப்பு வழியாதபடி ஓரங்களை மடித்து உயர்த்துங்கள். துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். ஓவனை முதலே சூடாக்க வேண்டாம்; குளிர்ந்த ஓவனில் தட்டை வைத்துவிட்டு 200 பாகை செல்சியசுக்குத் திருப்புங்கள். காற்றாடி உள்ள ஓவன் என்றால் 180 போதும். சூடு மெல்ல ஏறினால்தான் கொழுப்பு உருகி வெளியே வர நேரம் கிடைக்கும். அது வெளியேறாமல் மொறுமொறுப்பு வராது. மெல்லிய துண்டுக்கு 15 முதல் 20 நிமிடம், தடித்ததற்கு 20 முதல் 25.

புதுக்குடியிருப்பு தங்கச்சி: அண்ணை, நேரம் பார்த்து எடுத்தாலும் ஒருநாள் தோல் மாதிரி இழுபடுது, ஒருநாள் கரி. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தை விட நுரையைப் பாருங்கள் தங்கச்சி. தொடக்கத்தில் இறைச்சியில் உள்ள தண்ணீர் வெளியேறும். அப்போது பெரிய குமிழிகள் படபடவென்று வெடிக்கும். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் அடங்கி, துண்டைச் சுற்றி வெள்ளையாகச் சின்னச் சின்ன நுரை கட்டும். அந்த நுரையைக் கண்டபிறகு ஓவனை விட்டு அரக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீங்கள் விரும்பும் நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் சூட்டில் நிறம் ஏறும். சுடச்சுட இருக்கும்போது துவண்டுதான் கிடக்கும். டிசுத் தாளில் போட்டு ஆறவிட்டால்தான் மொறுமொறுக்கும். துவளுதே என்று திரும்ப உள்ளே வைப்பதால்தான் அனேகமாகக் கரியாகிறது.

மாங்குளம் தம்பி: என்னிடம் இருப்பது சின்ன மேசை ஓவன். மேல் கம்பி பேக்கனைக் கருக்குது.

தட்டை ஒரு படி கீழே இறக்கி, 180இல் வை. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வை. மின்கட்டணத்துக்குப் பயப்படாதே: 1500 வாற் ஓவன் அரை மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான்.

வவுனியா அக்கா: கடையில் இரண்டு மூன்று வகை கிடக்குது. எதை வாங்க?

வயிற்றுப் பகுதியில் வெட்டியது. இறைச்சியும் கொழுப்பும் வரிவரியாக இருக்கும். மொறுமொறுப்புக்கு அதுதான். முதுகுப் பகுதியில் வெட்டியது அகலமாக இருந்தாலும் கொழுப்புக் குறைவு, மெத்தென்றுதான் வரும். கோழி பேக்கன் என்றால் தட்டில் எண்ணெய் பூசுங்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். பன்றி சாப்பிடாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தட்டும் இடுக்கியும் வேறாக வைப்பது மரியாதை.

ஒட்டுசுட்டான் அண்ணர்: காட்டுப்பன்றி இறைச்சியை மெல்லிசாக வெட்டி இப்படிச் செய்யலாமா?

வேண்டாம் அண்ணை. பேக்கன் என்பது உப்பும் நைத்திரைற்று என்ற பதனிடும் பொருளும் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி. அந்த ருசியும் சிவப்பும் அதில்தான் வருகின்றன. காட்டுப்பன்றியில் கொழுப்புக் குறைவு, ஓவனில் வறண்டு போகும். ஒட்டுண்ணிப் புழு இருக்கவும் கூடும். நன்றாக அவிய விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டலாக்குங்கள்.

முல்லைத்தீவு அக்கா: பிள்ளைகள் தினமும் கேட்குதுகள். கொடுக்கலாமா?

தினமும் வேண்டாம் அக்கா. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. அதில் உப்பும் அதிகம். எப்போதாவது ஒருநாள், ஆளுக்கு இரண்டு துண்டு, கூடவே தக்காளியும் வெங்காயமும் நிறைய.

மல்லாவி தங்கச்சி: முட்டை, பாண், பேக்கன் எல்லாம் ஒன்றாகச் சூடாக மேசைக்கு வர என்ன வழி?

பேக்கனை முதலில் முடித்துவிடுங்கள், அது ஆறத்தானே வேண்டும். அந்த இடைவெளியில் தட்டில் தேங்கிய கொழுப்பில் ஒரு கரண்டியைத் தாச்சியில் விட்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். பேக்கனில் உப்பு இருப்பதால் முட்டைக்கு உப்பு வேண்டாம், மிளகுதூள் போதும். ஓவன் இன்னும் சூடாகத்தான் இருக்கும், பாண் துண்டுகளை உள்ளே தள்ளிவிடுங்கள். மிச்சக் கொழுப்பைக் குழாயடியில் ஊற்றினால் உறைந்து அடைத்துவிடும். ஆறியதும் வடித்துப் போத்தலில் விட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்தமுறை உருளைக்கிழங்கு பிரட்ட அதைவிட நல்ல எண்ணெய் இல்லை.