மதிப்பு எங்கே இருக்க வேண்டும்? டெராஃபார்ம் கேள்வி பதில்

பெங்களூரில் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர்கள் டெராஃபார்ம் என்ற கருவியில் எழுதும் மேகக் கட்டமைப்பு நிரலின் அளவுருக்கள் (வெளியிலிருந்து தரும் மதிப்புகள், அதாவது மாறிகள்) பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மடிவாளாவிலிருந்து: அக்கா, சோதனை, நேரடி போன்ற மூன்று சூழல்களுக்கு மூன்று நிரல் நகல்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் செய்த திருத்தம் மற்றவற்றில் விடுபட்டுப் போகிறது. என்ன செய்யலாம்?

நிரலை ஒன்றாக்குங்கள் தம்பி. சூழலுக்குச் சூழல் வேறுபடும் மதிப்புகளை மட்டும் தனிக் கோப்புகளில் வையுங்கள். மூன்றிலும் ஒரே மதிப்பு என்றால் அதற்கு மாறி எதற்கு? அமேசானின் இதே வகைக் கருவியான கிளவுட்ஃபார்மேஷன் ஒரு வார்ப்புருவில் 200 அளவுருக்கள் வரை ஏற்கும். ஆனால் நாற்பதைத் தாண்டினாலே, புதிதாகச் சேர்ந்தவர் எதைத் தொடுவது, எதை விடுவது என்று திணறுவார்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: தரவுத்தளக் கடவுச்சொல் மாறிக்கு ‘சென்சிட்டிவ்’ என்று குறித்திருக்கிறேன். போதுமா?

போதாது. அந்தக் குறிப்பு திரையில் மட்டுமே மறைக்கும். டெராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைப் பதிந்துவைக்கும் ஸ்டேட் கோப்பைத் திறந்தால் கடவுச்சொல் அப்படியே கிடக்கும். அமேசானின் மதிப்புக் கிடங்கான பாராமீட்டர் ஸ்டோரில் வைத்து, வெளி மதிப்பைப் படிக்கும் டேட்டா பிளாக் வழியாகப் படித்தாலும் இதே கதிதான். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். கட்டமைப்பு நிரலுக்கு ரகசியத்தின் பெயர் தெரிந்தால் போதும், மதிப்பு தெரிய வேண்டாம். செயலி இயங்கும்போது தானே போய்ப் படித்துக்கொள்ளட்டும். அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் என்றால், முதன்மைக் கடவுச்சொல்லை உருவாக்கி, ரகசியக் காப்பகமான சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைக்கும் பொறுப்பை அமேசானிடமே விட்டுவிடலாம். டெராஃபார்ம் 1.11 முதல், ஸ்டேட்டில் பதியாத ‘ரைட் ஒன்லி’ உள்ளீடுகளும் உண்டு. கடவுச்சொல் ஏற்கெனவே, நிரல் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஏறியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வரலாற்றை அழிப்பது பிறகு.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: பாராமீட்டர் ஸ்டோரா, சீக்ரெட்ஸ் மேனேஜரா?

சாதாரண மதிப்புகளுக்கு முன்னது. 4 கேபி வரையுள்ள நிலையான அளவுருக்களைச் சேமிக்கக் கட்டணமில்லை. தானாகச் சுழற்ற வேண்டிய ரகசியங்களுக்குப் பின்னது; ஒன்றுக்கு மாதம் 0.40 டாலர். அமேசானின் மும்பை மண்டலத்தில் வைத்த அளவுரு ஹைதராபாத் மண்டலத்தில் தானாகத் தோன்றாது.

அல்சூரிலிருந்து: ஒரே மாறிக்குப் பல இடங்களில் மதிப்பு இருந்தால் எது செல்லும்?

கட்டளை வரியில் தருவதே வெல்லும். அதற்கு அடுத்து ஆட்டோ டிஎஃப்வார்ஸ் (.auto.tfvars) மதிப்புக் கோப்புகள், பிறகு டெராஃபார்ம் டிஎஃப்வார்ஸ் (terraform.tfvars) கோப்பு, கடைசியில் இயங்குதளத்தின் சூழல் மாறிகள்.

ஜெயநகரிலிருந்து: சோதனைச் சூழலின் மதிப்புக் கோப்பை நேரடிச் சூழலில் தவறுதலாக ஓட்டிவிட்டால்?

நானே ஓட்டியிருக்கிறேன். மாதக் கடைசி நாளில் எங்கள் தரவுத்தள இயந்திரம் சோதனை அளவுக்குச் சுருங்கியது. பில் போடக் காத்திருந்தவர்களின் அழைப்புகளை அன்று மாலை முழுவதும் எடுத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் சூழலுக்கு ஒரு அமேசான் கணக்கு என்று பிரித்தோம். ஒவ்வொரு மதிப்புக் கோப்பிலும் அந்தக் கணக்கின் 12 இலக்க எண்ணை எழுதி, டெராஃபார்மை அமேசானுடன் இணைக்கும் புரொவைடரின் ‘அலவ்டு அக்கவுண்ட் ஐடிஸ்’ (அனுமதித்த கணக்கு எண்கள்) உள்ளீட்டுக்குக் கொடுத்தோம். இப்போது தவறான சூழலின் கோப்பை ஓட்டினால் எண் பொருந்தாது. எதையும் தொடுவதற்கு முன்பே டெராஃபார்ம் பிழை காட்டி நின்றுவிடும்.