ஹனுக்கா: எட்டு இரவுக்கும் பரிசு வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் சிகாகோவில் ஒரு யூதப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நாலு. இந்த டிசம்பரில் அவர்களோடு இருக்கப்போகிறேன். ஹனுக்கா என்ற அவர்களுடைய விளக்குப் பண்டிகை எட்டு ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்கிறாள் மகள். சம்பந்தியம்மா தாராளமாகச் செய்பவர். நான் பென்ஷனில் இருப்பவள். எட்டு நாளுக்கும் வாங்கித்தான் ஆகவேண்டுமா? பணமாகக் கொடுத்தால் குறைவாக நினைப்பார்களா?
*வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: பணமாகவே கொடுங்கள் அம்மா. யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஹனுக்காவில் பழைய வழக்கமே பணம்தான், பொம்மைப் பெட்டிகள் பிறகு வந்தவை.

17-ஆம் நூற்றாண்டுப் போலந்தில் ஏழை மாணவர்கள் ஹனுக்கா சமயத்தில் வீடு வீடாகப் போய்க் காசு வாங்கியதை யூத மதகுரு ரபி ஆபிரகாம் கோம்பினர் எழுதி வைத்திருக்கிறார். கிழக்கு ஐரோப்பாவில் வேதம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும் இந்த நாட்களில் காசு கொடுப்பார்கள். பிள்ளைகள் கையில் வைக்கும் காசுக்கு ‘கெல்ட்’ என்று பெயர். மாப்பிள்ளை வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

எட்டு இரவுக்கு எட்டுப் பரிசு என்பது அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் பரிசு குவிகிற மாதத்தில் தன் பிள்ளை மட்டும் ஏங்கிப்போய்விடக் கூடாது என்று பெற்றோர் நினைத்தார்கள். கடைக்காரர்களும் விளம்பரம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது நன்றாக வேரூன்றிவிட்டது. மதப்படி பார்த்தால் ஹனுக்கா அவர்களுடைய பெரிய பண்டிகைகளில் ஒன்றல்ல. இன்றும் பல வீடுகளில் ஏதாவது ஓர் இரவுதான் பெரிய பொருள், மற்ற இரவுகளில் புத்தகம், காலுறை, வண்ணப் பென்சில் என்று போய்விடும். ஓர் இரவுப் பரிசுக்கு ஆகும் பணத்தை அப்படியே தர்மத்துக்குக் கொடுக்கிற குடும்பங்களும் உண்டு.

தொகை எவ்வளவு? நாம் 101, 501 என்று மொய் வைப்பதுபோல, அமெரிக்க யூதர்கள் அன்பளிப்பை 18-இன் மடங்காக வைப்பார்கள். எபிரேயத்தில் ‘உயிர்’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு உள்ள எண்களைக் கூட்டினால் 18 வரும், அதனால் அது மங்கலமான தொகை. பேரனுக்கு 18 டாலர், பேத்திக்கு 18 டாலர். வயதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டாம். அண்ணனுடைய கவர் கனமாக இருந்தால் நாலு வயதுக்கும் தெரிந்துவிடும்.

ஒரே நோட்டாகக் கொடுக்காமல் ஒரு டாலர்களாகக் கொடுங்கள். அமெரிக்காவில் தங்க நிறத்தில் ஒரு டாலர் நாணயம் உண்டு. வங்கியில் எப்போதும் கையிருப்பில் இருக்காது, அதனால் மகளை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சின்னக் கையில் அது கனமாக, பளபளவென்று இருக்கும். சில்லறையாகக் கொடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆசாரமான வீடுகளில் பிள்ளை தனக்கு வந்த கெல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தர்ம உண்டியலில் போடப் பழக்குவார்கள். 18 நாணயம் இருந்தால் குழந்தையே இரண்டை எண்ணி எடுத்துப் போட்டுவிடும்.

எந்த இரவு என்பதை மட்டும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் சப்பாத் என்ற யூதர்களின் வார ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதை அனுசரிக்கும் வீட்டில் சனிக்கிழமை இருட்டும் வரை பணத்தைத் தொட மாட்டார்கள். 2026-இல் ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது, முதல் இரவும் எட்டாம் இரவும் வெள்ளிக்கிழமை. ஹபாத் (Chabad) என்ற ஆசார யூத இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் நாலாம் அல்லது ஐந்தாம் இரவில் கெல்ட்டைக் கூட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு அவை திங்களும் செவ்வாயும், டிசம்பர் 7, 8. உங்களுக்கும் அவையே தோதான நாட்கள்.

விளக்கேற்றிய பிறகு கையில் கொடுங்கள், ஆனால் அந்த வெளிச்சத்தில் எண்ண விடாதீர்கள். ஹனுக்கா விளக்கொளியில் காசு எண்ணக் கூடாது என்று யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான தல்மூதில் இருக்கிறது. அந்த ஒளி பார்ப்பதற்கு மட்டும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

கிஃப்ட் கார்டு வேண்டாம் என்பேன். அமெரிக்கச் சட்டப்படி அதிலுள்ள பணம் ஐந்து வருடத்துக்குள் காலாவதியாகாது, ஒரு வருடம் சும்மா கிடந்தால்தான் கட்டணம் பிடிக்கலாம். அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் எந்தக் கடையிலும் செல்லும் வங்கிக் கார்டுகளுக்கு வாங்கும்போதே தனிக் கட்டணம் போகும். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையில் என்ன இருக்கிறது? கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால், பிள்ளைகள் பெயரில் 529 கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு அதில் போடுங்கள்.

சம்பந்தியம்மாவோடு தொகையில் போட்டி வேண்டாம் அம்மா. அதைவிட, மெழுகுவர்த்திப் பெட்டி நான் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று எட்டு வரை போய், ஒவ்வோர் இரவும் பற்றவைக்கும் துணைத் திரியையும் சேர்த்தால் மொத்தம் 44. பெட்டியிலேயே 44 இருக்கும். தர்மத்தில் சாப்பிடுகிறவன்கூட உடுப்பை விற்றாவது விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்கிறார் 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ். பரிசுக்கு அப்படி ஒரு கட்டளை எங்கேயும் கிடையாது. எட்டு இரவும் பேரப்பிள்ளைகள் பாட்டி வாங்கிய பெட்டியிலிருந்துதான் எடுத்து ஏற்றுவார்கள்.

கேள்வி: என் பையனின் வகுப்புத் தோழன் வீட்டில் ஹனுக்கா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் மூன்று குழந்தைகள். என்ன வாங்கிப்போவது, எவ்வளவு செலவு செய்யலாம்?
*வாசகர், எடிசன், நியூ ஜெர்சி*

பதில்: முதலில் அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்: “பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டுவரலாமா, அன்றைக்கு அவர்களுக்குப் பரிசு உண்டா?” சில பெற்றோர் ஹனுக்காவைப் பரிசுப் பண்டிகையாக்கவே கூடாது என்று உறுதியாக இருப்பார்கள். பெரிய லெகோ பெட்டியோடு நீங்கள் போய் நின்றால் அவர்களுக்குத் தர்மசங்கடம்.

சரி என்றால், மூன்று பேரும் சேர்ந்து விளையாட ஒரே பொருள் போதும். சீட்டு விளையாட்டு, புதிர்ப்பலகை, இப்படி ஏதாவது. பணம் மட்டும் வேண்டாம், அது தாத்தா பாட்டி, மாமா அத்தை கொடுப்பது. சாப்பாட்டுப் பண்டம் கொண்டுபோவதையும் கேட்காமல் செய்யாதீர்கள். கோஷர் என்ற யூத உணவு விதி பார்க்கிற சமையலறையில் நம் வீட்டு முறுக்குக்கு இடமிருக்காது, சுத்த சைவமாக இருந்தாலும் அப்படித்தான். பூங்கொத்து எந்த வீட்டுக்கும் பொருந்தும், வெள்ளிக்கிழமையானால் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

இந்த மாதத்தில் கடைகளில் குவிந்திருக்கும் விளக்கு எரியும் டிரைடல் பம்பரங்களில் எனக்குக் கவலை உண்டு. மலிவானவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால் அதை வாங்காதீர்கள். மரப் பம்பரத்தில் இந்த ஆபத்தே இல்லை, சுற்றுவதற்கும் அதுதான் நன்றாக இருக்கும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிடிக்காத பொருளைத் திருப்பி வாங்கியே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை, கடையின் விதிதான் செல்லும். ஹனுக்கா தேதி வேறு ஒவ்வொரு வருடமும் நகரும்: 2024-இல் டிசம்பர் 25 மாலை, 2025-இல் டிசம்பர் 14 மாலை தொடங்கியது. “கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும்” என்று இணையக் கடை சொல்வதை வைத்து ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி: ஹனுக்காவுக்குக் கொடுக்கும் தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசில் தரமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாயில் போட்டால் மெழுகு மாதிரி இருக்கிறது.
*வாசகி, டொராண்டோ*

பதில்: பொருள்பட்டியலைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் இருந்தால் நல்லது. அதற்குப் பதில் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால் நீங்கள் சொல்கிற அந்த மெழுகுச் சுவைதான் வரும். 2024-இல் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பிறகு இந்தப் பட்டியலைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. வலைப்பையில் வரும் காசுகளில் எடையையும் பாருங்கள். பை பெரிதாகத் தெரியும், உள்ளே காசு காகிதம்போல மெலிசாக இருக்கும். 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தால், நல்ல கடையில் வாங்கும் கெட்டிக் காசு அவ்வளவு அதிகமில்லை என்று தெரியும்.

யூத வீட்டுக்குக் கொடுப்பதானால் கோஷர் முத்திரை கட்டாயம். வட்டத்துக்குள் ‘யூ’ என்ற எழுத்து பரவலாகத் தெரிந்த முத்திரை. அதன் பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது. கோஷர் முறைப்படி இறைச்சி சாப்பிட்ட பிறகு வெகுநேரம் பால் பண்டம் தொட மாட்டார்கள். அன்றிரவு விருந்தில் இறைச்சி என்றால் பிள்ளைகள் உங்கள் பால் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ‘பாரெவ்’ என்று போட்டது வாங்குங்கள், பாலும் இறைச்சியும் இல்லாதது, எப்போதும் தின்னலாம்.

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது, அங்கே தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள். ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் இனிப்பில் இன்னொரு குழந்தையின் உழைப்பு இருக்கக் கூடாது என்பதால் நியாய வணிக முத்திரையுள்ள காசுகளைத் தேடி வாங்கும் யூதக் குடும்பங்கள் இருக்கிறார்கள். விலை கூடத்தான். பையில் பத்துக் காசு குறைந்தாலும் அதையே நான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: டெல் அவிவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து டிரைடல் வரவழைக்கலாமா?
*வாசகர், டெல் அவிவ்*

பதில்: வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். பம்பரத்தின் நாலு பக்க எழுத்துகளில் ஒன்று இஸ்ரேலில் வேறு. வெளிநாட்டுப் பம்பரத்தில் ‘பெரிய அற்புதம் அங்கே நடந்தது’ என்பதற்கான ‘ஷின்’ இருக்கும், அற்புதம் நடந்த மண்ணான இஸ்ரேலில் ‘இங்கே நடந்தது’ என்பதற்கான ‘பே’ இருக்கும். அமெரிக்கா அளவுக்கு அங்கே பரிசு குவிப்பதும் இல்லை. பம்பரத்தோடு ஒரு பெட்டி சுஃப்கானியோட் போதும். ஜாம் வைத்துப் பொரித்த அந்தப் பன்னை அன்றன்றைக்கே தின்ன வேண்டும், அதனால் போகிற வழியில் வாங்குங்கள். நண்பர் வீட்டில் கோஷர் பார்ப்பார்கள் என்றால், பேக்கரியில் கோஷர் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.