அப்பாவைக் கட்டத்துக்குள் வரைந்த மகன்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். சில மாதங்களாகப் பையன் வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை என்று டீச்சர் சொல்லி, பள்ளிக் கவுன்சலரிடம் அனுப்பினார்கள். அவர் முதலில் வீடு, மரம், மனிதன் வரையச் சொன்னாராம். அப்புறம் ‘உன் வீட்டில் எல்லாரும் ஏதாவது செய்துகொண்டிருப்பது போல வரை’ என்றாராம். அந்தப் படத்தில் நானும் மாமியாரும் பெரிதாக இருக்கிறோம். அப்பா ஒரு கட்டத்துக்குள், கையே இல்லாமல் இருக்கிறார். இவனைக் காணவே காணோம்! கவுன்சலர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 25 வரிகள் கொண்ட ஒரு படிவத்தை மட்டும் நிரப்பித் தரச் சொன்னார். படத்தைச் செல்போனில் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். அவர் யூடியூபில் பார்த்துவிட்டு, ‘கை இல்லையென்றால் பயம், தன்னை வரையாவிட்டால் டிப்ரஷன், கட்டம் போட்டால் அப்பா மேல் வெறுப்பு’ என்கிறார். கணவரோ, ‘என் பையனுக்கு என்ன பைத்தியமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்துக் கொடு’ என்று கத்துகிறார். ஒரு படத்தை வைத்து இவ்வளவும் சொல்ல முடியுமா? படிவத்தை என்ன செய்வது?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் நாத்தனார் சொன்ன பலன்களை ஓரமாக வையுங்கள். கை இல்லையென்றால் இது, இலை இல்லையென்றால் அது என்று படத்தை ஜாதகக் கட்டம் போலப் படிப்பது யூடியூப் கண்டுபிடித்த வித்தை இல்லை. மனோதத்துவம் படித்தவர்களே பல காலம் அப்படித்தான் படித்தார்கள். 1948-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ‘வீடு, மரம், மனிதன்’ சோதனையை வெளியிட்டார். மறு வருடமே கேரன் மேக்கோவர், மனித உருவத்தை எப்படி வரைகிறார்கள் என்பதிலிருந்து ஆளின் குணத்தைப் படிக்கலாம் என்று புத்தகம் போட்டார். கண்ணைப் பெரிதாகப் போட்டால் சந்தேகப் பேர்வழி என்பது போன்ற விளக்கங்கள் அங்கிருந்துதான் பரவின.

1967-ல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதப் படங்கள் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இதை வரைந்தவருக்கு இன்ன பிரச்சினை’ என்று எழுதிக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். படத்துக்கும் பிரச்சினைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபடி அவர்களே வேண்டுமென்று சேர்த்திருந்த ஜோடிகள் அவை. ஆனால் மாணவர்கள், ‘சந்தேகப்படுகிறவர்கள் கண்ணை வித்தியாசமாக வரைகிறார்கள்’ என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்! அனுபவமுள்ள நிபுணர்கள் சொல்லிவந்ததும் அதையேதான். சந்தேகம் என்றால் கண், புத்தி என்றால் தலை என்று நம் மனதில் முன்பே கிடக்கும் முடிச்சைப் படத்தில் ஏற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆகவே ஒரே ஒரு அடையாளத்தை வைத்து, அதுவும் ஒரே ஒரு படத்தில், குழந்தைக்கு நோய்ப் பெயர் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். கோட்டு சூட்டு போட்டிருந்தாலும் சரி. கை வரைவது கஷ்டம் என்பதால் பல குழந்தைகள் அதை முதுகுக்குப் பின்னாலோ பாக்கெட்டுக்குள்ளோ ஒளித்துவிடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். ஒன்பது வயதில் இது சாதாரணம்.

அப்படியானால் கவுன்சலர் எதற்கு வரையச் சொன்னார்? நல்ல கவுன்சலருக்குப் படம் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. வகுப்பில் வாய் திறக்காத பையனை எதிரே உட்காரவைத்து ‘உனக்கு என்னப்பா கவலை?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பான். பென்சிலைக் கையில் கொடுத்தால் கதை வேறு. யாரை முதலில் போட்டான், எதை அழித்து அழித்துப் போட்டான், எங்கே அழுத்தினான், எங்கே கை நின்றது என்று அவர் பக்கத்தில் இருந்து கவனிப்பார். முடித்ததும் கேட்பார்: இவங்க யாரு? இப்போ என்ன பண்றாங்க? இதுக்கப்புறம் என்ன நடக்கும்? ஜான் பக்கின் சோதனையிலேயே, வரைந்து முடித்த பிறகு கேட்க வேண்டிய நீண்ட கேள்விப் பட்டியல் உண்டு. கேள்விகளை விட்டுவிட்டுத் தாளை மட்டும் வைத்துப் பலன் சொல்கிறவர்கள் அந்தச் சோதனையைப் பாதிதான் செய்கிறார்கள். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வேலை செய்வது போல் வரையச் சொல்வதும் இப்படித்தான். பர்ன்ஸ், காஃப்மன் என்ற இருவர் 1970 வாக்கில் கொண்டுவந்த முறை அது. சும்மா நிற்கவைத்து வரையச் சொன்னால் ஃபோட்டோவுக்கு நிற்பது போல வரிசையாக நிறுத்திவிடுவார்கள். ஏதாவது செய்யச் சொன்னால் வீட்டில் யாரோடு யார், யார் எங்கே என்பதைப் பற்றிக் கேட்பதற்கு விஷயம் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கட்டத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. அப்பாவை இவன் தினமும் எங்கே பார்க்கிறான்? வீடியோ காலில்தானே? செல்போன் திரையும் கட்டம்தான், அதில் பெரும்பாலும் முகமும் தோளும்தான் தெரியும். கைக்கு இடம் ஏது? தன்னை ஏன் வரையவில்லை என்றால், ‘நான்தான் வரைஞ்சிட்டிருக்கேனே’ என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இதுவும் என் ஊகம்தான். நாத்தனார் சொன்னதைவிடக் காதுக்கு இனிமையாக இருப்பதால் இது உண்மையாகிவிடாது. அது என்ன கட்டம் என்று அவன்தான் சொல்ல வேண்டும். கவுன்சலர் அவசரப்பட்டு எதையும் சொல்லாமல் உங்களிடம் தகவல் கேட்கிறார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி படிவம். 9 வயதுப் பிள்ளைக்கு 25 வரி, பெற்றோர் நிரப்ப வேண்டும் என்கிறீர்கள். பெரும்பாலும் அது ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்ட, SDQ என்று சுருக்கமாகச் சொல்லும் படிவமாக இருக்கும். நம் ஊரிலும் புழக்கத்தில் இருப்பதுதான். கடந்த ஆறு மாதத்தை மனதில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ‘உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயம் உண்மை’ என்பதில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பு, சக பிள்ளைகளோடு பழகுவது, பிறருக்கு உதவுவது என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து வரி. முதல் நான்கையும் கூட்டினால் பிரச்சினை மதிப்பெண், அதிகபட்சம் 40.

கணவர் சொன்னபடி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ‘பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்பான்’, ‘நெருங்கிய நண்பன் ஒருவனாவது இருக்கிறான்’ என்பது போன்ற நல்ல வரிகள் ஐந்து அந்த நான்கு பிரிவுகளுக்குள் கலந்திருக்கின்றன. அவற்றுக்கு ‘இல்லை’ என்றால் வரிக்கு 2 வீதம் 10 மதிப்பெண் ஏறிவிடும். உதவும் குணத்துக்குச் சுத்தமாகப் பூஜ்யம் விழும். ஒன்றுமே இல்லாத பையனைப் படிவத்தில் முரடனாக்கிக் கொடுத்த கதையாகிவிடும்.

ஆகவே பார்த்ததை அப்படியே போடுங்கள். டீச்சரும் இதே போல ஒன்றை நிரப்புவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம், யாரும் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை என்று இருக்கும் பிள்ளைகள் நிறைய. அந்த வித்தியாசம்தான் கவுன்சலருக்கு வழிகாட்டும். பிரச்சினை எல்லா இடத்திலும் இருக்கிறதா, வகுப்பில் மட்டுமா என்பது அதில் தெரியும். பையனே நிரப்பும் படிவம் 11 வயதிலிருந்துதான். கணவரையும் தனியாக ஒன்று நிரப்பச் சொல்லலாம், படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தூரத்தில் இருப்பவருக்குத் தன்னையும் கேட்டார்கள் என்பதே பாதிக் கோபத்தை இறக்கிவிடும்.

மதிப்பெண் என்ன வந்தாலும் அது நோயின் பெயர் அல்ல. இன்னும் கவனிக்க வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும், அவ்வளவுதான். சில வாரம் பேசிப் பழகிய பிறகு மறுபடி நிரப்பச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். பலன் இருக்கிறதா என்று பார்க்கும் வழி அது. கூட்டுத்தொகை மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம்: பெரியவர்களுக்கு மனச்சோர்வு பார்க்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும். பழகிய கவுன்சலர் அதை வாங்கியதும் கூட்டுத்தொகைக்கு முன்னால் ஒன்பதாவது கேள்வியைத்தான் பார்ப்பார். செத்தால் தேவலை, அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்பது அது. மொத்தம் குறைவாக இருந்தாலும் அங்கே டிக் இருந்தால் அன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஓவிய சிகிச்சையாளர்கள் என்று தனிப் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் சோதனைகள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன்: மரத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பறிப்பது போல் வரையச் சொல்வது. லிண்டா காண்ட், கார்மெல்லோ டபோன் இருவரும் 1998-ல் இதற்கு 14 அளவுகோல்கள் கொண்ட கையேடு வெளியிட்டார்கள். ஆப்பிள் என்றால் என்ன அர்த்தம், மரம் என்றால் என்ன அர்த்தம் என்ற பேச்சே அதில் கிடையாது. வண்ணம் எவ்வளவு, தாளில் எவ்வளவு இடம், கோடு நடுங்குகிறதா, ஆளுக்கு ஆப்பிள் எட்டுகிறதா, எட்டாவிட்டால் ஏணி போட்டானா என்று எப்படி வரைந்தான் என்பதை மட்டும் அளப்பார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வரையவைத்து ஒப்பிடுவார்கள். தென்காசிப் பையன் ஆப்பிள் மரத்தை எங்கே கண்டான் என்று கேட்டால் நியாயம்தான். வெளிநாட்டில் பிறந்த எந்தச் சோதனையையும் இந்தக் கேள்வியோடுதான் கையாள வேண்டும்.

உங்கள் மேல் ஒரு சின்ன வருத்தம். அந்தப் படத்தை நாத்தனாருக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அது அவன் கவுன்சலரிடம் நம்பிக் கொடுத்தது. குடும்ப குரூப்பில் சுற்றுவது தெரிந்தால் அடுத்த தடவை அவன் பூவும் சூரியனும்தான் வரைவான். அனுப்பியதை அழிக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களாக வரையச் சொல்லிச் சோதிப்பதும், ‘அப்பாவுக்கு ஏன் கை போடல?’ என்று குடைவதும் வேண்டாம்.

கவுன்சலரைப் பார்க்க நேரம் கேளுங்கள். படத்தைப் பற்றி அவன் என்ன சொன்னான், எனக்குச் சொல்லக்கூடியது எது, இந்தத் தாள்கள் யாரிடம் இருக்கும், டீச்சர் பார்ப்பாரா, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அப்பா வெளிநாட்டில் இருப்பதையும், எந்த மாதத்திலிருந்து பையன் மாறினான் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அவருக்குப் படத்தைவிட அது உதவும். கற்றல் குறைபாடு போன்ற சந்தேகம் இருந்து, முழுச் சோதனை வேண்டும் என்று அவர் சொன்னால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். இதற்கிடையில், யாராவது அடித்தார்கள், தொட்டார்கள் என்று பையன் வாயாலேயே சொன்னால் மட்டும் கவுன்சலரின் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே கூப்பிடுங்கள். உங்களுக்கே மனது தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.