காலண்டர் அட்டையில் டீக்கடை: ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. "பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிற பொண்ணு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அட்டையை வெட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளும் அவள் தோழியும் வந்தபோது அவள் அந்த அட்டையில் செய்திருக்கும் பலகை ஆட்டத்தை என் மேசையிலேயே விரிக்கச் சொல்லி, மூன்று பேருமாக முக்கால் மணி நேரம் விளையாடினோம். அவளைத் தடுக்கச் சொல்லி நான் எதையும் எழுதப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்ட் வரைந்திருக்கிறாள். அங்கே மூன்று டீக்கடை. முப்பது சட்டைப் பொத்தான்கள்தான் வாடிக்கையாளர்கள். ஒரு டீ போட எட்டு ரூபாய் செலவு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பேரும் 10, 12, 15 என்ற விலைச் சீட்டுகளில் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். விலை குறைந்த கடைக்குத்தான் அத்தனை பொத்தானும் போகும், சமமாக இருந்தால் பங்கு. மூவரும் 15 வைத்தால் ஆளுக்குப் பத்துப் பேர், 70 ரூபாய் லாபம். ஒருவர் மட்டும் 12 வைத்தால் முப்பது பேரும் அவரிடமே, 120 ரூபாய். அடுத்த சுற்றில் மற்ற இருவரும் சும்மா இருப்பார்களா? எல்லோரும் 12-க்கு இறங்கி ஆளுக்கு 40, அப்புறம் எல்லோரும் 10-க்கு இறங்கி ஆளுக்கு 20 ரூபாய். நாலு சுற்றில் மூன்று கடையும் இளைத்துவிட்டன.

இதைப் பொருளாதாரத்தில் பெர்ட்ராண்ட் போட்டி என்பார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் பெர்ட்ராண்ட் 1883-ல் எழுதியது, கல்லூரியில்தான் பாடமாக வரும். உங்கள் மகள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. டீக்கடைகளைப் பார்த்துத் தானாகவே அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். ஐந்தாவது சுற்றில் அவள் தோழி என்னைப் பார்த்து மெதுவாக, "சார், எல்லாரும் பதினஞ்சே வைக்கலாமா?" என்றாள். நிஜக் கடைகள் கூடி இப்படி விலை பேசிக்கொண்டால் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தவறு, அதை விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் என்றே ஒரு அமைப்பு இருக்கிறது என்று சொன்னேன். உங்கள் மகள் உடனே நோட்டை எடுத்து "ஆணையச் சீட்டு" என்று எழுதிக்கொண்டாள். பத்து வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், கேட்டதை அந்த நிமிடமே தன் வேலைக்குள் கொண்டுவரும் பிள்ளைகள் குறைவு.

குறையும் இருக்கிறது, அவளிடமே சொன்னேன். பணம் சேர்த்தவர் இரண்டாவது கடை வாங்கலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறாள். வாங்கிய பிறகு சீட்டில் இல்லாத ஏழு ரூபாய்க்கு, அதாவது செலவுக்கும் குறைவாக, விற்று மற்றவர்களைத் துரத்திவிடலாம், தோற்றவர் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வகுப்பில் ஒரு பீரியடுக்குள் விளையாடும் ஆட்டத்தில் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. எட்டுச் சுற்றோடு முடித்து, பணத்தை எண்ணி, "எந்தச் சுற்றில் விலையை இறக்கினாய், ஏன்?" என்று ஆளாளுக்குக் கேட்க வேண்டும். பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அப்புறம், அவள் பக்கத்தில் இல்லாமல் வேறு மூன்று பிள்ளைகள் விதித்தாளை மட்டும் படித்து விளையாட வேண்டும். அவர்கள் எங்கே திணறுகிறார்களோ அங்கே திருத்த வேண்டும். தேதி போட்டு ஒவ்வொன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தேதியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்ற பெண் நிலவுடைமையால் வரும் தீமையைக் காட்ட ஒரு பலகை ஆட்டம் செய்து 1904-ல் காப்புரிமை (பேடண்ட்) பெற்றார். ஒருவரே எல்லாவற்றையும் பிடுங்கும் விதி ஒன்று, எல்லோரும் பயன்பெறும் விதி ஒன்று என இரண்டு வைத்தார். முதல் விதியிலிருந்து வளர்ந்ததுதான் 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் விற்கத் தொடங்கிய மோனோபோலி. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். யார் முதலில் செய்தது என்ற கேள்வி வந்தால் தேதி போட்ட நோட்டுதான் சாட்சி. நம் நாட்டில் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவுப்படி ஆட்டம் ஆடும் முறைக்குக் காப்புரிமையே கிடையாது, அவள் எழுதிய விதித்தாளுக்கும் வரைந்த படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆகவே "பேடண்ட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐநூறு பிரதி அச்சடிக்கவும் அவசரப்பட வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருளை விற்க 2021 ஜனவரியிலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முத்திரை வேண்டும்.

சரி, படிப்பு. காமர்ஸ் எடுத்ததால் டிசைன் பக்கம் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். இளநிலை டிசைன் படிப்புக்காக ஐஐடி பாம்பே நடத்தும் யூசீட் தேர்வையும், என்ஐடி எனப்படும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். யூசீட்டில் கையால் வரையும் பகுதி உண்டு, இப்போதே தினமும் அரை மணி நேரம் வரையட்டும். என்ஐடியின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது, அது பட்டத்துக்குப் பிறகு. பலகை ஆட்டம் மட்டும் செய்து சம்பளம் வாங்கும் வேலைகள் நம் ஊரில் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். டிசைன் படிப்புக்குச் செலவும் அதிகம். அதனால் என் விருப்பம் பி.ஏ. பொருளாதாரம் அல்லது பி.காம். படித்துக்கொண்டே ஆட்டத்தையும் வளர்ப்பது. எம்பிஏ வகுப்புகளில் இன்றும் ஆடவைக்கும் "பீர் கேம்" 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் உருவானது, சரக்கு வரத்துச் சிக்கலைப் புரியவைக்கிறது. அந்த மாதிரிப் பயிற்சிகளை வடிவமைக்கும் வேலைக்குப் பொருளாதாரமும் தெரிந்து ஆட்டமும் கட்டத் தெரிந்த ஆள் தேவை.

பதினொரு மணி என்பதை மட்டும் ஒன்பதரையாக்குங்கள், தூக்கம் கெடக் கூடாது. அட்டையைப் பிடுங்கி வைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன், முடிந்தால் நீங்களும் வாருங்கள். ஆணையச் சீட்டைச் சேர்த்து எட்டுச் சுற்று ஆடிப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.