தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் மார்க்கெட்டிங் தலைமைப் பொறுப்பு வந்தால் ஏற்கலாமா?

விளம்பர ஏஜென்சியில் இருந்து வருகிறேன், சென்னையில் தொழிலாளர் பாதுகாப்புக்கான ஒரு பொது அமைப்பில் தகவல் தொடர்பு, மார்க்கெட்டிங் பிரிவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுகிறார்கள், "போஸ்டர் அடிப்பதைத் தவிர அங்கே செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அதே மாதிரி ஒரு அமைப்பில், அதே நாற்காலியில் சில வருடங்கள் இருந்தவள் நான். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் வேலை பார்ப்பவர்கள் என் நண்பர்கள்.

உங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது 1966 மார்ச் 4. அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று தேசியப் பாதுகாப்பு தினம், அப்புறம் அதைச் சுற்றி ஒரு வாரம். கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், வாசகப் போட்டி வைப்பார்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். வருடத்துக்கான விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு அந்த ஒரு வாரத்திலேயே போய்விடும். அந்த வாரத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு தேதி இருப்பது நல்லதுதான். ஆனால் அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு அதிகாரிகள். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது, அதனால் அங்கே ஆள் இருக்கிறார். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் காக்களூரிலும் மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிற சின்ன ஷெட்காரர் அந்த அரங்குக்கு வரமாட்டார். விரல் போவது அவருடைய ஷெட்டில்தான்.

நான் சேர்ந்த புதிதில் பவர் பிரஸ் ஷாப்புகளைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்துப் போனேன். தகடு வெட்டுகிற, வளைக்கிற மெஷின் அது. டை என்கிற அச்சுக்குள் கையை விட்டுத் தகடு வைக்கவேண்டும், மேலே இருந்து ராம் என்கிற கனமான பாகம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ஓடும், அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும். நான் பார்த்த மெஷினில் இடது பக்கப் பட்டனை உள்ளே அமுக்கி, அட்டைத் துண்டை மடித்துச் செருகி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் எண்ணெய் குடித்துப் பளபளத்தது. நேற்று ஒட்டியது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் எங்கள் அமைப்பு அனுப்பிய போஸ்டர், "கவனமாக இருங்கள், குடும்பம் காத்திருக்கிறது" என்று.

மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டரிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். "மேடம், ரெண்டு கையாலயும் அமுக்கினா பீஸ் வைக்கிறதுக்கு நேரம் ஆகும். ஷிப்ட் முடிய கணக்கு கொடுக்கணும். நான் டேப்ப எடுத்தா ஓனர் என்னைத்தான் கேப்பாரு." பக்கத்தில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பையன் ஒரு கையால் தகடு வைத்து, மறு கையால் அமுக்கிக்கொண்டே இருந்தான். போஸ்டர் தமிழில், அவனுக்குப் படிக்கத் தெரியாது. தொழிற்சாலையில் வைக்கும் சட்ட அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்பது அந்த 1948 சட்டத்திலேயே இருந்த விதி. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்களே, அதில் எத்தனை பேர் ஆந்திராவிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள். அதற்குப் பிறகும் நாங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த டேப்பில் இருக்கிறது. கவனமாக இரு என்று அந்தப் பையனுக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. டேப்பை எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பேசவேண்டும். ஓனர், செட்டர், லேபர் கான்ட்ராக்டர். மார்க்கெட்டிங் மொழியில் சொன்னால் இலக்கு வாடிக்கையாளரே வேறு. விளம்பரத்தில் இருந்து வரும் நீங்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள்.

சரி, அவர்களை எங்கே பிடிப்பது? ஷெட் ஓடும் நேரத்தில் ஓனர் நின்று பேசமாட்டார். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். வருடத்தில் ஒரே ஒரு சமயம்தான் எல்லா மெஷினும் நிற்கும், ஓனர், செட்டர், ஹெல்பர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஒவ்வொரு மெஷினையும் கையால் தொட்டுத் துடைப்பார்கள்: ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். பாதுகாப்பு வாரப் பணத்தில் பாதியை அந்த நாளுக்கு மாற்றலாம் என்று கோப்பு வைத்தேன்.

அமைப்புக்குள் நடந்த சண்டை இன்னும் நினைவிருக்கிறது. பொது அமைப்பு மதப் பண்டிகையை ஒட்டி நிகழ்ச்சி நடத்தலாமா என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். நாங்கள் பூஜை நடத்தவில்லை, முதல் நாள் துடைக்கும்போது போகிறோம், மெஷின் நிற்கிற நாள் அது, அவ்வளவுதான் என்று பதில் எழுதினேன். கீழே படிக்கும் யாராவது இதையே கேட்பீர்கள், உங்களுக்கும் இதுதான் பதில். ரம்ஜான் அன்று மூடுகிற ஷெட் இருந்தால் அதற்கு முதல் நாள் போகவும் தயாராக இருந்தேன். பத்திரிகையில் படம் வராதே என்று இன்னொருவர் கவலைப்பட்டார். அது உண்மை, வரவில்லை.

போனோம். பேனர் இல்லை, மைக் இல்லை. ஓய்வு பெற்ற ஒரு டூல் ரூம் மேஸ்திரி, ஹிந்தியும் ஒடியாவும் பேசுகிற ஒரு பையன், நான். தகடு எடுத்து வைக்க இடுக்கி, காந்தக் கைப்பிடி ஆகியவற்றின் மாதிரிகள் கொஞ்சம் கொண்டுபோனோம். துடைக்கும்போதே அவர்கள் கையால் டேப்பை எடுக்க வைத்தோம், அப்புறம் மெஷினின் மின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலைத் திறந்து பார்த்தோம். சரியான வயரிங் என்றால் ராம் இறங்குகிற ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு பட்டனையும் விட்டு மறுபடி அமுக்கினால்தான் ஓடும், ஒன்றில் டேப் சுற்றினால் மெஷின் நின்றுவிடும். விலை குறைந்த பேனலில் அது இருக்காது. மேஸ்திரி அதைத்தான் ஓனர்களுக்குக் காட்டினார், எதை மாற்றவேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். சிலர் மாற்றினார்கள். சிலர் மறுவாரமே டேப்பை ஒட்டியிருப்பார்கள், எனக்குத் தெரியும். மாற்றியவர்களில் ஒருவர் பக்கத்து ஷெட்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து தன் பேனலைக் காட்டினார். எந்த விருதையும்விட எனக்கு அதுதான் பெருமை.

இதனால்தான் சொல்கிறேன், தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளாமல் இந்த நாற்காலியில் உட்காராதீர்கள். "லைட் கர்ட்டன் பொருத்துங்கள், கை உள்ளே போனால் மெஷின் தானே நிற்கும்" என்று ஒரு ஏஜென்சி அழகான விளம்பரம் போட்டுக் கொண்டுவந்தது. கை குறுக்கே வந்தால் உணர்கிற ஒளித்திரை அது. கீ கிளட்ச் என்கிற பழைய இணைப்பு முறை வைத்த பிரஸ் ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் பாதியில் நிற்காது. அதற்கு லைட் கர்ட்டன் போட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும், கை போய்விடும். நம்முடைய சின்ன ஷெட்களில் இருப்பதில் பல அந்த மாதிரிப் பழைய மெஷின்கள். விளம்பரத்தை நிறுத்தினேன்.

விரல் போனவர்களைப் படம் எடுத்துப் போடலாம், பார்ப்பவர்கள் பயப்படுவார்கள் என்று உங்களுக்கும் சொல்வார்கள். ஒருவரைச் சந்தித்தேன், பேசச் சம்மதித்தார். பேசிய நேரம் முழுவதும் வலது கையை லுங்கி மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தார். "என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம், கைய மட்டும் காட்டாதீங்க மேடம்" என்றார். குரலை மட்டும் பதிவு செய்தோம். அவர் அதிகம் பேசியது வலியைப் பற்றி இல்லை, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றி. விபத்துக்குப் பிறகுதான் கான்ட்ராக்டர் அவர் பெயரைப் பதிவு செய்ய ஓடியிருக்கிறார். அதற்கப்புறம் நாங்கள் அச்சடித்த எல்லாத் துண்டறிக்கையிலும் முதல் வரி, உன் இ.எஸ்.ஐ. எண் உன்னிடம் இருக்கிறதா, இல்லையென்றால் இன்றே கேள் என்பதுதான். பெரிய வாசகம் ஒன்றும் இல்லை, ஆனால் அதைத்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

தொழிலாளி மேல் தவறே இருக்காதா என்று கேட்பவர்கள் வருவார்கள். இருக்கும். குடித்துவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே பத்திரிகைக் குறிப்பில் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று எழுதக் கை நீள்கிறது பாருங்கள், அதற்கு நான் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. நான் எழுதுவது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு நடந்தது, எத்தனை பேர், எந்த மருத்துவமனை, விசாரணை நடக்கிறது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காரணத்தை நாம் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு அந்தக் குறிப்பைத்தான் தூக்கிக் காட்டும்.

சாலையோரப் பேனருக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்த ஊர் இது. பாதுகாப்பு என்று எழுதிய பேனரைக் கம்பு கட்டி ரோட்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை முதலாளிகளை வாய்நிறையத் திட்டுகிற படித்தவர்கள், தங்கள் அபார்ட்மென்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விடும்போது என்ன செய்கிறார்கள்? நான் குடியிருக்கும் இடத்தில் மொட்டைமாடித் தூணில் ஒற்றைக் கயிறு கட்டிப் பலகையில் ஆளை இறக்கினார்கள். பெல்ட் இல்லை, தனியாக உயிர்க்கயிறு இல்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "கான்ட்ராக்டர் பொறுப்பு, நாம் ஏன் தலையிடவேண்டும், கொட்டேஷன் ஏறிவிடும்" என்று பதில். கழிவுநீர்த் தொட்டி அடைத்தபோதும் உள்ளே இறங்க ஆள் தேடினார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் தமிழில் தட்டி குழுவில் போட்ட பிறகுதான் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வரவழைத்தார்கள். பயந்துதான் செய்தார்கள், ஆனாலும் ஒரு உயிர் உள்ளே இறங்கவில்லை. அந்தக் குழுவில் இன்றைக்கும் பலர் என்னோடு பேசுவதில்லை.

வேலைக்கு வருவோம். சேரும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகைக் குறிப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது? தொழிற்சாலை ஆய்வாளர் இல்லாமல் நீங்கள் தனியாக ஷெட்டுக்குப் போகலாமா? ஆய்வாளரோடு போனால் கதவு திறக்கும், வாய் திறக்காது. நான் ஓனர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சோதனைக்கு வரவில்லை, ஆனால் இன்றைக்கே உயிர் போகும் நிலை என்றால் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று. மூன்றாவது, மொழிபெயர்ப்புக்கும் பயணத்துக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.

இப்போது சேர்ந்தால் உங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல், அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாக, புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தை வைத்து எழுதிய பலகை, கையேடு, குறும்படம் எல்லாவற்றையும் புதிதாக எழுதியாக வேண்டும். எந்த மொழியில், யாருக்காக என்பதை அப்போதே மாற்றிவிடலாம், தனியாகக் கோப்பு வைத்துச் சண்டை போடவேண்டியதில்லை. ஏஜென்சியில் வாங்கிய சம்பளம் இங்கே கிடைக்காது, அதை வீட்டில் பேசிவிட்டுச் சேருங்கள். சேர்ந்தால் அம்பத்தூருக்கு ஒருமுறை நானும் கூட வருகிறேன். அந்த மேஸ்திரி இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறார்.