பாலிலைன் ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு பிளான் வரைகிறேன். சுவர்க் கோடுகளைச் சேர்த்து ஒரே பாலிலைனாக (பல துண்டுகள் இணைந்த ஒரே கோடாக) ஆக்கினால் சில மட்டும் சேராமல் நிற்கின்றன. ஏன் சார்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மூலையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், தொட்ட மாதிரி தெரியும் முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். பிஎடிட் (PEDIT) கட்டளையை அடித்து, பல கோடுகளை ஒன்றாக எடுக்க எம் கொடுத்து, எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுங்கள். பாலிலைனாக மாற்றவா என்று கேட்டால் ஒய், அப்புறம் இணைப்பதற்கு ஜே. அடுத்து ஃபஸ் டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு இடைவெளி வரை இணைக்கலாம் என்று கேட்கும், அங்கேதான் நாம் பாட்டுக்கு என்டரைத் தட்டிவிடுகிறோம். 2 மி.மீ. இடைவெளி என்றால் 3 கொடுங்கள், போதும். தாராளமாக 1000 கொடுத்தீர்களோ, 900 மி.மீ. வாசலும் சேர்ந்து அடைபடலாம்! அதற்கும் மசியாவிட்டால் புராப்பர்ட்டீஸில் இசட் மதிப்பை, அதாவது உயரத்தைப் பாருங்கள். ஒரு கோடு தரையிலும் இன்னொன்று மாடியிலும் இருந்தால் எப்படிச் சேரும்?